கிணறு மட்டும் மிஞ்சிய வளவுகள்: பேரிடருக்குப் பின் ஊரின் மரபைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுனாமி வந்துபோன பின், 2005 தை மாதம், இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் நடந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டவை கிணறுகள். வீடு இல்லை, வேலி இல்லை, தெரு எது, வளவு (வீட்டுக் காணி) எது என்று தெரியாது. அலை மண்ணை அரித்துக்கொண்டு போனதில் கிணற்று வளையங்கள் மட்டும் மணலுக்கு மேலே தனியாக எழுந்து நின்றன. அதை வைத்துத்தான் சனம் தங்கள் வளவைக் கண்டுபிடித்தது, அதன் பக்கத்தில் குந்தியிருந்துதான் அழுதது.

மரபுரிமை என்றதும் பலருக்கு 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டைதான் ஞாபகம் வரும். கோட்டை முக்கியம்தான். ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு தாய்க்கு முதல் மரபுரிமை அந்தக் கிணறு. கல்குடாவிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் வாழும் இளைஞர்கள், ஆசிரியர்கள், கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் தங்கள் ஊரில் செய்யக்கூடிய வேலையாக இதை எழுதுகிறேன். பெரிய பணம் தேவையில்லை. பொறுமை நிறைய வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அந்தத் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. அதற்கு முன்னர் 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம். மூன்றுமே மாரி காலத்தில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். பிறநாட்டுக் கையேடுகளில் உள்ளதை அப்படியே செய்ய முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்கு இடர் வரும்போது காயவைக்க வெயில் இருக்காது.

தொடங்குமுன்: ‘தொல்பொருள்’ என்ற சொல் தரும் பயம்

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சனம் வேலியைப் பார்க்கும். காணி போய்விடுமோ, கோயிலுக்குள் பலகை நட்டுவிடுவார்களோ என்ற பயம். அதற்குக் காரணமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. சனத்தின் பாதிக்கு மேல் தமிழ் பேசும் மாகாணத்தில் நடந்தது இது. அந்தக் காயத்தை அறியாதவர்போல் போய் “உங்கள் பழைய பொருட்களைக் காட்டுங்கள்” என்று கேட்டால் கதவு மூடத்தான் செய்யும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொருள் உரிமையாளரிடமே இருக்கும். எதைக் காக்க வேண்டும் என்பதை ஊர் முடிவெடுக்கும். எந்தப் பட்டியலும் ஊரின் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது. இந்த மூன்றையும் எழுதி, கையொப்பமிட்டு, கோயில் வாசலிலும் பள்ளிவாசல் முன்றலிலும் ஒட்டிவிடுங்கள்.

படி 1: யார் உட்கார வேண்டும்

ஏழெட்டுப் பேர் போதும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒருவர், தேவாலயப் பங்கிலிருந்து ஒருவர், கரைவலைக்காரர் ஒருவர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் அவர், மாதர் சங்கத்திலிருந்து குறைந்தது மூன்று பெண்கள். கிராம உத்தியோகத்தருக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று பெண்கள் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் வீடும் வளவும் தாய் வழியில் மகளுக்குப் போகிறவை. எந்த அலுமாரியில் எது இருந்தது, எந்தக் குடத்தை யார் சீதனமாகக் கொண்டுவந்தது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். சுனாமிக்குப் பின் கொடுத்த வீடுகளில் பல ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. சீதன வளவை இழந்த பெண்ணுக்கு அது இரண்டாவது இழப்பு. அந்தத் தவறை நம் பட்டியலிலும் செய்யக்கூடாது.

காரைதீவும் மாளிகைக்காடும், பாண்டிருப்பும் மருதமுனையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு தனிக் குழு வேண்டாம். அலை எல்லை பார்த்து வரவில்லை, பொருளும் ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. “அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்று எவரையும் கேட்காதீர்கள். இடர் நடந்த கையோடு ஆட்களைப் பேசவைப்பது குணமாக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது உதவாது, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது இன்று தெளிவு. கையில் வேலையைக் கொடுங்கள். பேசத் தோன்றினால் அவர்களே பேசுவார்கள். பல வாரமாக நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாக வேண்டும் என்று சொல்கிறார் என்றால் அது நம் வேலைக்கு அப்பாற்பட்டது. போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு ஆள் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

படி 2: பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) வருவதற்கு முன்

அலை விட்டுவைத்ததைப் பெக்கோ அள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். பாதை திறக்க வேண்டும், உடல்களைத் தேட வேண்டும், அதில் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் குப்பை அள்ளும் இடத்துக்கு முன்னால் இரண்டு பேர் நடந்து போனால் நிறையக் காப்பாற்றலாம். பிரதேச செயலகத்தில் பேசி அந்த அனுமதியை முதலே வாங்குங்கள்.

சப்பாத்து, தடித்த கையுறை, முகக்கவசம் கட்டாயம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்க வேண்டும். யுத்தம் நடந்த மண் இது, நீர் பழைய வெடிபொருளைப் புரட்டிக் கொண்டுவரும். சந்தேகமான எதையும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஒரு பொருளைத் தூக்குமுன் கிடந்த இடத்திலேயே போனில் படம் எடுங்கள், பக்கத்தில் தெரியும் அடையாளமும் சேர்த்து: கிணறு, பனை, மின்கம்பம். அப்புறம் ஒரு அட்டைத் துண்டில் பென்சிலால் இலக்கம் எழுதி நூலால் கட்டுங்கள். பேனை வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும். கொப்பியில் அதே இலக்கம், இடம், தேதி, எடுத்தவர் பெயர். தொல்லியலாளர் குழி தோண்டும்போது செய்வதும் இதைத்தான். கிடந்த இடம் தெரியாத பொருளுக்குப் பாதிக் கதை போய்விடும். ஒரு அம்மிக் கல்லை யாருடையது என்று சொல்ல அது கிடந்த திசையே உதவும்.

சேகரித்ததை வைக்க உயரமான தரையுள்ள அறை ஒன்று வேண்டும். இடம்பெயர்ந்தோர் தங்கியிருக்கும் பாடசாலை மண்டபத்தைக் கேட்காதீர்கள். ஆட்களுக்குத்தான் முதல் இடம்.

படி 3: கழுவுதல், காயவைத்தல்

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. ஆறுதலும் இங்கேதான் அதிகம் கிடைத்தது என்பது என் அனுபவம்.

தேவையானவை: அகலமான பிளாஸ்ரிக் தட்டுகள், மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலோன் நுளம்பு வலை, வெள்ளைப் பருத்தித் துணி, மென்மையான தூரிகை, பொலித்தீன் பை, மீன்காரரின் ரெஜிபோம் பெட்டி, ஐஸ். ஐஸ் எதற்கு? ஈரமான கடதாசியிலும் படத்திலும் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். எல்லாவற்றையும் உடனே கழுவ முடியாது. நீர் புகாத பையில் கட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் சில நாள் அவகாசம் கிடைக்கும். பக்கத்து மீன் வியாபாரியிடம் ஆழ்குளிர் பெட்டி இருந்தால் அதில் இன்னும் நீண்ட நாள் வைக்கலாம். கரையோர ஊருக்கு இது ஒரு கொடை.

கழுவ நன்னீர் வேண்டும். கிணறெல்லாம் உப்பாகியிருக்கும், பவுசரில் (தண்ணீர் லொறியில்) வரும் தண்ணீர் குடிக்க வேண்டியது. ஆகவே மாரி மழையைக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடியுங்கள்.

புகைப்படங்கள். கலியாண அல்பம், சாமத்திய வீட்டுப் படம், முதல் நன்மை எடுத்த படம், பெருநாள் படம். சுனாமியில் பிள்ளையை இழந்த பலருக்கு அந்த முகத்தைப் பார்க்க வேறு எதுவும் மிஞ்சவில்லை. அல்பத்தைப் பிரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், வரிசை முக்கியம். ஒட்டிக்கொண்ட படங்களை இழுக்காதீர்கள். குளிர்ந்த சுத்த நீரில் வைத்தால் மெல்லக் கழன்று வரும். ஓரத்தில் பிடித்து, படத்தின் முகப்பைத் தொடாமல், நீரில் அசைத்துச் சேற்றைப் போக்குங்கள். நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை. பிறகு வலையில் படப்பக்கம் மேலே இருக்க நிழலில் காயவையுங்கள். மின்விசிறி நேரே படக்கூடாது. வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படங்களை நீரில் போடாதீர்கள், மை கரைந்துவிடும்.

ஸ்டூடியோவில் கழுவிய பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலற்றின். அழுகல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே வரும், நடுவில் இருக்கும் முகம் கடைசியாகத்தான் போகும். ஒரு தட்டில் நான் தூக்கிய படத்தில் மூன்று பக்கமும் மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து, நடுவில் ஒரு பிள்ளையின் நெற்றியும் கண்ணும் மாத்திரம் இருந்தது. இதில் இனி என்ன இருக்கிறது என்று ஒதுக்கப் போனேன். எதிரே இருந்த வயோதிப அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். “எறியாத மனே. அது எங்கட பெரியவள்.” அதன்பிறகு எதையும் நான் குப்பை என்று தீர்மானித்ததில்லை. அந்த அம்மா அடுத்த நாளும் வந்தார், அடுத்த வாரமும் வந்தார். தன் வீட்டுப் படம் முடிந்த பிறகு மற்றவர்களின் படத்தைக் கழுவினார்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் யமமோதோ என்ற சிற்றூரில் மட்டும் ஏறத்தாழ ஏழரை இலட்சம் படங்களைத் தொண்டர்கள் இப்படிக் கழுவி எடுத்தார்கள். நிபுணர்கள் வழிகாட்டினார்கள், கை சனத்தின் கை.

ஓலை ஏடுகள். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குப் படிக்கும் வழக்குரை ஏடு, வைத்திய ஏடு, கூத்து ஏடு. இவற்றைக் கோயில் பூசகரான கட்டாடியாரோ உரிமையாளரோ முன்னால் இருக்காமல் தொடக்கூடாது. கட்டைப் பிரிக்காமல் மழைநீரில் மெதுவாக அலசி, நீர் வடியவிட்டு, நிழலில் மிக மெதுவாகக் காயவிடுங்கள். சுருளாமல் இருக்க இலேசான பலகைப் பாரம் போதும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது நல்ல பழக்கம்தான், ஆனால் முழுதாகக் காய்ந்த பிறகு, தெரிந்தவர் பார்த்த பிறகு. கோயிலுக்கு வெளியே கொண்டுபோகச் சம்மதம் இல்லை என்றால் கோயிலிலேயே வேலை செய்யுங்கள்.

மண், கல், உலோகம். கடல் நீர் ஊறிய பானையை அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் பூத்து மேற்பரப்பை உரித்துவிடும். நன்னீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள். இரும்பை அலசி உடனே துடைத்துக் காயவையுங்கள், சுரண்டாதீர்கள்.

பித்தளை விளக்கு விஷயத்தில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒரு மாமி தன் தாயின் குத்துவிளக்கைக் கொண்டுவந்து தந்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தேன், சந்தோசப்படுவார் என்று. அவர் விளக்கின் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். தாய் ஏற்றி ஏற்றி இறுகிப்போன எண்ணெய்க் கறை அங்கே இருந்தது. அலைகூட அதை எடுக்கவில்லை, நான் எடுத்துவிட்டேன். எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்று உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள்.

படி 4: ஊரை வரைதல்

இதைச் செய்ய அவசரம் வேண்டாம், இடர் நடந்து ஆறு மாதம் ஆகட்டும். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை என்று அறிவித்தார்கள். நாவலடிச் சனம் திராய்மடுவுக்குப் போனது போல பல ஊர்கள் எழும்பி வேறு இடம் போயின. புதிய வீடுகள் வரிசையாக, ஒரே மாதிரி. முந்தைய அயல் யார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

பெரிய கடதாசியை விரித்துப் பேனை கொடுத்தால் மூத்தவர்கள் தயங்குவார்கள். மணலைப் பரப்பிக் கையில் ஈர்க்கைக் கொடுங்கள். ஒருமுறை முப்பது பெண்கள் சுற்றி இருந்தார்கள், யாரும் தொடங்கவில்லை. ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) எழும்பி வந்து சின்ன வட்டம் போட்டார். “இது எங்கட கிணறு.” அவ்வளவுதான். இன்னொருவர் அதற்குப் பக்கத்தில் முருங்கை வைத்தார். கடப்படி (வளவு வாசல்) எந்தப் பக்கம் என்று வாக்குவாதம் வந்தது. பொழுதுபட முன் தெரு, மீன்வாடி, பள்ளிக்கூடம், அரச மரம், கோயிலுக்குப் போகும் ஒழுங்கை எல்லாம் மணலில் வந்துவிட்டன. வாக்குவாதத்தில் சிரிப்பும் வந்தது, அது வெகு நாளுக்குப் பின் கேட்ட சிரிப்பு.

மணல் வரைபடத்தை மேலிருந்து படம் எடுத்து, கடதாசிக்கு மாற்றி, அடுத்த கூட்டத்தில் திருத்துங்கள். மிஞ்சிய கிணறுகளுக்கு நேரில் போய்ப் போனில் இடக்குறி வையுங்கள், அவைதான் அளவுப் புள்ளிகள். நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தோடும், கூகிள் ஏர்த்தில் கிடைக்கும் பழைய ஆண்டுப் படங்களோடும் ஒப்பிடுங்கள். வீட்டுக்குப் பெயர் எழுதும்போது தாயின் பெயரையும் தாய்த்தாயின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். இறந்தவர் பெயரைச் சேர்ப்பதா என்பதை அந்தந்தக் குடும்பமே சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் செய்யலாம். மட்டக்களப்பில் 1996 முதல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா யுத்தத்தில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் களிமண், ஓவியம், கதை என்று நடத்திக் காட்டிய வழி நமக்கு அருகிலேயே இருக்கிறது. களிமண்ணில் பழைய ஊரைச் செய்யச் சொல்லுங்கள், தேர்வு எழுதுவது போல் ஆக்காதீர்கள்.

படி 5: குரல்கள்

வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டால் கதை தானே வரும். போனில் பதியலாம், ஆனால் சம்மதத் தாளில் மூன்று கேள்விக்கு விடை வேண்டும்: பெயர் வரலாமா, பிறர் கேட்கலாமா, அவருக்குப் பின் யார் முடிவெடுப்பது. இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, வடமோடி தென்மோடிக் கூத்தின் தாளக்கட்டு, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் முறை, கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தின் நினைவுகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். அண்ணாவியார் ஒருவர் இறந்தால் ஏடு மிஞ்சினாலும் ஆட்டம் போய்விடும். பதிவின் பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும்: ஊரில் ஒன்று, வேறு மாவட்டத்தில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் துறைசார்ந்தவர்களைத் தேடுங்கள்.

படி 6: கடல் புதிதாகக் காட்டினால்

2004 சுனாமி தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் மணலை அள்ளிக்கொண்டு போனபோது கல்வெட்டுப் பாறை ஒன்று வெளிப்பட்டது. 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. நம் கரையிலும் பழைய ஓடு, செங்கல் வரிசை, காசு வெளிப்படலாம்.

தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாத அகழ்வு குற்றம். 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படும், கண்டால் அறிவிக்க வேண்டும். படம் எடுத்து, இடக்குறி வைத்து, ஊர்க் குழுவுக்கும் பல்கலைக்கழக ஆளுக்கும் தகவல் கொடுத்து, அறிவித்தலை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிரதி ஊருக்குப் பாதுகாப்பு.

படி 7: கட்டடங்கள்

கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அலையில் சரிந்து நின்றது. இதுபோன்றவற்றை உடனே இடித்துப் புதிதாகக் கட்டத் துடிப்பது இயல்பு. ஆட்களின் உயிருக்கு ஆபத்து இல்லை என்று பொறியியலாளர் சொன்னால் கொஞ்சக் காலம் விட்டுவையுங்கள் என்பது என் கருத்து. நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. ஜப்பானின் அனெயோஷியில் 1933 சுனாமிக்குப் பின் நட்ட கல் “இதற்குக் கீழே வீடு கட்டாதே” என்று சொல்கிறது. ஊர் கேட்டது, 2011இல் தப்பியது. உங்கள் ஊரிலும் நீர் எட்டிய மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுத் தேதியுடன் குறியுங்கள்.

திருத்துவதானால் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். சுவருக்குள் இருக்கும் உப்பும் ஈரமும் வெளியேற வழியின்றிக் கல்லையே தின்னும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

படி 8: திருப்பிக் கொடுத்தல், பார்த்துக்கொள்ளுதல்

கழுவிய பொருட்களைப் பெரிய விழா வைத்துக் கொடுக்காதீர்கள். கமெராவும் மேடையும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், தேத்தண்ணி குடித்து, கையில் கொடுத்து வாருங்கள். ஊரில் வைக்கும் பொருட்களை ஆவணி, புரட்டாதியில், மாரி தொடங்குமுன், வருடா வருடம் திறந்து பூச்சியும் பூஞ்சணமும் பாருங்கள். பெட்டிகள் தரையில் இருக்கக்கூடாது. வெள்ளம் வந்தால் எந்தப் பெட்டியை யார் முதலில் தூக்குவது என்று பெயர் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

உரிமையாளர் தெரியாத படங்கள் நிச்சயம் மிஞ்சும். ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும், நினைவுத்தூபியில் விளக்கேற்றியும் பள்ளிவாசலில் துஆ ஓதியும் சனம் வீடு திரும்பும் நேரத்தில், மண்டபத்தில் நூல் கட்டி அந்தப் படங்களின் பிரதிகளைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வெறும் அட்டை ஒன்று, நூலில் கட்டிய பென்சில் ஒன்று. பெயர் தெரிந்தவர் எழுதுவார். எழுதாத அட்டைகளை எடுத்து வைத்து, அடுத்த வருடமும் தொங்கவிடுங்கள்.